மழை டயரின் அம்புக்குறி

ரேஸ் காருக்கு டயர் மாட்டுகிறவன் ஒழுங்காக மாட்டினால், அவன் அங்கே இருந்ததே ஒருத்தருக்கும் தெரியாது. அந்த நிம்மதி எனக்குப் பதினோரு மாதம் கிடைத்தது. பன்னிரண்டாவது மாதம் மழை பிடித்துக்கொண்டது.

நான் பிளஸ் டூவில் கணக்கில் போனவன். மறுபடி எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. பீளமேட்டுப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டேன். ஒரே ஒரு ஆள் உட்காருகிற, நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற ரேஸ் கார்களை அங்கே தயார் செய்து, ஓட்ட வருகிறவர்களுக்கு சீசன் முழுக்கக் கொடுப்போம். ஓட்டுகிறவர்தான் எங்கள் கஸ்டமர். பந்தல் போடுகிறவர்கள், சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள், கம்பத்தில் ஏறுகிற லைன்மேன்கள் என்று நனைந்த கையோடு வேலை பார்த்துத் திட்டு வாங்கிய எல்லாரும் என் ஜாதி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் "ஒரு குடை கொண்டுபோயிருக்கலாமே" என்பார்கள்.

டி-ஷர்ட்

வேலைக்குச் சேர்ந்ததும் எனக்கு ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். முதுகில் டீம் பேர், கையில் ஆயில் கம்பெனி பேர், நெஞ்சில் என் பேர், சதீஷ். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் நடந்தபோது எனக்கே என்னைப் பார்க்க ஆசையாக இருந்தது. அம்மாவும் விடவில்லை. "ரேஸுல இருக்கான்" என்று தண்ணீர் லாரி வரிசையில் நின்ற எல்லாரிடமும் சொல்லிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "கார் ஓட்டறியா கண்ணு?" என்றார். இல்லை என்றேன். "ரிப்பேரு பாக்கறியா?" அதுவும் இல்லை, டயர் மட்டும் என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்பதைவிட, யோசித்துச் சொல்லப் பொறுமை கிடையாது. அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, பஞ்சர் ஒட்டறதுக்கா இத்தனை பேரு அடிச்சுக் குடுத்திருக்காங்க?"

கட்டைவிரல்

எங்கள் காரை ஓட்டியவர் தரணியக்கா. வயது இருபது. காங்கேயத்தில் அவர் அப்பாவுக்குத் தேங்காய் எண்ணெய் மில் இருக்கிறது. இரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். வேகத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு தடவையும் முதல் மூன்று இடத்துக்குள் வந்ததில்லை. ஒரு தடவை இன்ஜின், ஒரு தடவை கிளட்ச், ஒரு தடவை பின்னால் வந்தவன் இடித்தது. வருஷக் கடைசி கிராண்ட் பிரீ ஒன்றுதான் பாக்கி.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, அவர் அப்பா ட்ராக்குக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் கண்ணாடிக்கூடு. காரின் பளபளப்பை அவர் பார்க்கவில்லை. குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கொப்பரை காய்ந்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். நாலு டயரையும் அழுத்திவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டு, எங்கள் தலைமை மெக்கானிக் சலீம் பாயிடம் வந்தார். தரணியக்கா க்ளவுஸ் நூலைப் பிய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அப்பா குரலை உயர்த்தவே இல்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. "ஏனுங்க பாய், புள்ள மூணுக்குள்ள வந்தா அடுத்த வருசமும் ஓட்டட்டுமுங்க. வல்லீன்னா திங்கக்கெழம காலைல எங்க மில்லுல லாரி எடை போட ஒரு ஆளு வேணுமுங்க."

அஞ்சு செல்லு

சனிக்கிழமை வெயில். நேரம் பார்க்கிற ஓட்டத்தில் தரணியக்கா மூன்றாவது வந்தார். அதாவது ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு கார்களில் மூன்றாவதாக நின்று கிளம்பலாம், அப்படியே இருந்து முடித்தால் போதும். பாய் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் மேற்கே கறுத்தது. எல்லாரும் செல்லை எடுத்தார்கள். ஒன்றில் காலையில் மழை, ஒன்றில் மத்தியானம், ஒன்றில் மழையே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பாயும் நானும் மழை டயர் நாலையும் ரிம்மில் ஏற்றிவைத்தோம். வெயில் டயர் மொழுக்கென்று இருக்கும், எங்கள் டயரை எந்தப் பக்கம் போட்டாலும் ஓடும். மழை டயர் அப்படியில்லை. அதில் வாய்க்கால் வெட்டியிருக்கும், அது தண்ணீரை வெளியே வாரி இறைக்கும். சரியான திசையில் சுழன்றால்தான் இறைக்கும். எந்தத் திசை என்று டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், கறுப்பு ரப்பரில் கறுப்பு அம்பு. பாய் அதை விரலால் தடவித் தடவிச் சொல்ல, இடதுக்கு 'இ', வலதுக்கு 'வ' என்று நான் எழுதினேன். சாக்பீஸில். வெயில் டயரில் எப்போதும் சாக்பீஸில்தான் எழுதுவோம், கை தன்பாட்டுக்கு அதையே எடுத்தது. சாக்பீஸை இப்போதைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டீ வாங்கப் போனால் அங்கேயும் அஞ்சு பேர் செல்லை நீட்டிக்கொண்டு மழையைப் பற்றிச் சண்டை. கேன்டீன்காரர் டபராவைக் கவிழ்த்தார். "அஞ்சு செல்லுலயும் அஞ்சு மழை பேயுது தம்பி, நாளைக்கு எத்தனை லிட்டரு பாலு வாங்கறதுன்னு மட்டும் ஒருத்தனும் சொல்ல மாட்டீங்கறீங்க."

நீ பாத்தா சரி

ஞாயிறு மத்தியானம், கார்கள் கிளம்ப அரை மணிக்கு முன்னால், மழை வந்தது. தூறி, யோசித்து, பிறகு வருகிற மழை இல்லை. தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் இரைச்சல் கேட்டது, அடுத்த நிமிடம் எங்கள் கொட்டகைக்குள் கணுக்கால் தண்ணீர். காரை அங்கே நிறுத்தித்தான் வேலை பார்ப்போம். எல்லா டீமும் ஒரே நேரத்தில் கத்தின. பாய் இன்ஜின் ஒயருக்கு மேல் டேப் சுற்றிக்கொண்டே "மழை டயரு, மழை டயரு" என்றார்.

ஓடினேன். தார்ப்பாயின் ஓரம் மடங்கி, அடுக்கி வைத்த டயர்களின் மேலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் எழுத்து ஒன்றுகூட இல்லை. துடைத்து வைத்த சிலேட் மாதிரி இருந்தது. குனிந்து நாலு அம்புக்குறியைத் தேடியிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் வரிசைக்கு வரச் சொல்லி ஹாரன் அடித்துவிட்டான், பக்கத்து டீம் காரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது, என் பொறுமையின் அளவு என் கணக்கு வாத்தியாருக்குத் தெரியும். நேற்று இடதை இடப்பக்கம்தானே அடுக்கினோம் என்று நானே முடிவு செய்து, உருட்டிக்கொண்டு வந்து மாட்டினேன். பின்னால் இருக்கிற இரண்டும் தற்செயலாகச் சரியாக அமைந்தன. முன்னால் இருக்கிற இரண்டும் பக்கம் மாறிப்போயின. இது எனக்கு அப்போது தெரியாது.

மழை டயரை மாட்டினால் பாய் சுற்றி வந்து நாலு அம்பையும் ஒரு தடவை தடவிப் பார்ப்பார், அது அவர் வழக்கம். அன்றைக்கு அவர் கையில் டேப். "அம்பு பாத்தியாடா?" என்றார். "பாத்துட்டேன் பாய்." பொய் சொல்ல வராது என்று மேலே எழுதினேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். பாய் காரின் முதுகில் தட்டினார். "நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்டா. தள்ளு, தள்ளு!"

சீட்டுக்குள்

வரிசையில் நின்றபோது அப்பா குடையோடு வந்து, தான் முழுக்க நனைந்துகொண்டு மகளின் தலைக்கு மேல் பிடித்தார். தலையில் ஹெல்மெட் இருக்கிறது, உடம்பு காருக்குள் இருக்கிறது, கார் மழைக்குள் இருக்கிறது. யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. நான் பெல்ட்டை இறுக்கினேன். தரணியக்கா ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நான் பார்த்ததில் முதல் தடவையாகப் பயமில்லாத முகத்தோடு சொன்னார்: "டேய் சதீசு, சீட்டுக்குள்ள மீன் வளக்கலாம்டா. அடுத்த வருசம் ஒரு ஓட்டை போட்டுக் குடு."

நேராகப் போன கார்

பதினைந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கார் கடக்கும்போது அது எத்தனையாவது என்று பலகையில் எண்ணைச் செருகிக் காட்டுவதும் என் வேலைதான். முதல் சுற்றில் மூன்றைத் தயாராக வைத்திருந்தேன். கார் ஐந்தாவதாக வந்தது. முதல் திருப்பத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாமல் நேராகப் புல்லுக்குப் போனதாம். மூன்றை உருவி ஐந்தைச் செருகினேன். பிறகு ஏழு. பிறகு எட்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கெட்ட செய்தியை அந்த அக்காவின் மூஞ்சிக்கு நேராக நானே தூக்கிப் பிடித்தேன்.

மற்ற கார்கள் போனால் முன் டயரிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறி மாதிரி எழும்பும். தரணியக்காவின் கார் தண்ணீரை அடியில் வாரிக்கொண்டு அதன் மேலேயே மிதந்தது. எனக்கு வித்தியாசம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. "பொண்ணுக்கு மழை ஓட்ட வல்ல" என்று பக்கத்து டீமில் ஒருத்தன் சத்தமாகவே சொன்னான். அப்பாவுக்குக் கேட்டிருக்கும். அவன்மேல் கோபப்படாமல், ஏதோ தானே தப்புச் செய்துவிட்ட மாதிரி என்னிடம் சொன்னார்: "எங்கூருல மழையே கெடையாதுங்களே தம்பி, புள்ள எங்கீங்க போய்ப் பழகும்?"

நாலு நிமிடம்

ஏழாவது சுற்றில் மழை இன்னும் வலுத்தது. முன்னால் போகிற கார் தெரியவில்லை என்று சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்தினார்கள். எந்த இடத்தில் இருந்தார்களோ அதே வரிசையில் வந்து நிற்க வேண்டும், மழை கொஞ்சம் விட்டதும் மிச்சம் எட்டுச் சுற்று. தரணியக்கா ஒன்பதாவது. நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடி, டயரில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று முன் சக்கரத்துப் பக்கம் குனிந்தேன்.

அம்புக்குறி என்னைப் பார்த்தது. சக்கரம் உருளுகிற திசைக்கு நேர்மாறாகக் காட்டிக்கொண்டு இருந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அதுவும் நேர்மாறு.

எழுந்து நின்றேன். நின்றேன் என்பதைத் தவிர எதுவும் செய்யவில்லை. விதி எனக்குத் தெரியும். சிவப்புக் கொடிக்குப் பிறகு வரிசையில் நிற்கும்போது காரில் எந்த வேலையும் பார்க்கக்கூடாது. டயரை மாற்ற வேண்டுமானால் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். மறுபடி கிளம்ப ஐந்து நிமிடம் என்று பலகை தூக்குவதற்கு முன் கொண்டுபோனால், திரும்பி வந்து வரிசையின் கடைசியிலாவது நிற்கலாம். அதற்குப் பிறகு என்றால் கொட்டகை வாசலிலேயே நின்று, எல்லாக் காரும் போன பின்னால்தான் கிளம்ப வேண்டும். அதனால் உடனே சொல்ல வேண்டும். நான் என்ன யோசித்தேன் தெரியுமா? பாய் அடிப்பார். அப்பா பார்ப்பார். பக்கத்து டீம் சிரிக்கும். ஒன்பதாவதுதானே, போனால் போகிறது, மழைமேல் பழி போட்டுவிடலாம். இதையேதான் நாலு நிமிடம் திருப்பித் திருப்பி யோசித்தேன். கொடி பிடிக்கிறவர் ஒருத்தர் என்னைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். "ஏந்தம்பி, குடைய யாருக்குப் புடிச்சுட்டு நிக்கற? கார் மேலயும் இல்ல, உம்மேலயும் இல்ல."

ஜாக்கி

அவருக்குப் பின்னால் ஐந்து நிமிடப் பலகையைத் தூக்கினார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வாய் வந்தது. வேறு எதற்கும் வராத வாய், காலம் போன பிறகு வந்தது. பாயிடம் ஓடி, "முன் டயரு ரெண்டும் மாறிப்போச்சு பாய். நான் அம்பு பாக்கல. பாத்தேன்னு சொன்னது பொய்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். பாயின் முகம் ஒரு நிமிடம் என் அப்பா என் மார்க் ஷீட்டைப் பார்த்த முகம் மாதிரி ஆனது. காரைக் கொட்டகைக்குத் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே அவர் சொன்னது இது: "நேரம் இருந்தா உன்ன அடிச்சிருப்பேன். அதுக்கும் நேரமில்லாமப் பண்ணிப்போட்ட. ஜாக்கிய எடு."

ஐம்பது அடி

டயரை மாற்றி முடித்தபோது மற்ற பதினோரு காரும் கிளம்பிவிட்டன. கடைசிக் காரின் பின்விளக்கு மழைக்குள் மறைந்த பிறகுதான் எங்கள் வாசலில் பச்சை விளக்கு எரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடம் சொன்னாலும் அழுகை வருகிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். திருப்பத்தில் திருப்பினால் கார் திரும்பியது. பலகையில் பதினொன்று, ஒன்பது, எட்டு. ஒருத்தர் காரோடு சுழன்று நின்றார், இன்னொருத்தர் சேற்றில் மாட்டினார், மற்றவர்களை அக்காவே வெளிப்பக்கமாகத் தாண்டினார். தண்ணீர் தேங்காத இடம் எது என்று அவருக்கு மட்டும் யாரோ கோடு போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. ஏழு, ஆறு. "பொண்ணுக்கு மழை ஓட்ட வல்ல" என்ற ஆள் சுவர்மேல் ஏறி நின்று விசில் அடித்தான். ஐந்து. நாலு. கடைசிச் சுற்றில் மூன்றாவது காரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். மூன்று என்ற எண் என் கையில் தயாராக இருந்தது. கோட்டைத் தாண்டும்போது அந்தக் காரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இவர் மூக்கு இருந்தது. பாதிக் கார் தூரத்தில் நாலாவது.

நான் உடனே சொல்லி, வரிசையின் கடைசியிலிருந்து கிளம்பியிருந்தாலே போதும். பாய் அதைச் சொல்லவில்லை, நான் நாலு நிமிடம் நின்றது அவருக்குத் தெரியாது. ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இன்னொரு அம்பது அடி ரோடு இருந்திருக்கணும்டா. அவ்வளவுதான்."

நாலு

எல்லாரும் அப்பாவுக்குக் கை கொடுத்தார்கள். கடைசியில் கிளம்பி நாலாவது வந்தது சாதாரணமில்லை என்றார்கள். அவர் ஒவ்வொருத்தருக்கும் "ரொம்ப சந்தோசமுங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய் நின்று, உங்கள் பெண்ணுக்கு மழை ஓட்டத் தெரியும், முதல் ஏழு சுற்றும் போனது என்னால், டயரை நான் மாற்றி மாட்டினேன், நீங்கள் வைத்த நிபந்தனையை என்மேல் வையுங்கள், அக்காமேல் வேண்டாம் என்றேன். நாலு நிமிடத்தை மட்டும் சொல்லவில்லை.

திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். நனைந்த சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார். "தப்பு உன்றதாவே இருக்கட்டும் கண்ணு. ஆனா நாலு நாலுதானே."

எடை மேடை

திங்கட்கிழமை பாய் என்னை வேலையை விட்டுத் துரத்துவார் என்று காலை ஏழு மணிக்கே போய் வாசலில் நின்றேன். துரத்தவில்லை. "ஆளு இல்லடா, உள்ள வா" என்றார். ஒரு வெள்ளை பெயின்ட் டப்பாவைக் கையில் கொடுத்து, இருக்கிற மழை டயர் எல்லாவற்றிலும் அம்புக்குறிக்கு மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னார். அடித்தேன். பதினோரு மணிக்குக் கையைத் துடைத்துவிட்டு, தரணியக்காவைப் போனில் கூப்பிட்டேன். பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. "இரு, ஒரு லோடு ஏறுது" என்றார். எடையைச் சத்தமாகச் சொன்னார், யாரோ எழுதிக்கொண்டார்கள். பிறகு என்னிடம், "இங்க வர்ற லாரி டயரெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறேன்டா, சிலதுல அம்பு இருக்குது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. சிவப்புக் கொடி நேரத்தில் நான் அம்பைப் பார்த்துவிட்டேன், உடனே சொல்லவில்லை, நாலு நிமிடம் சும்மா நின்றேன், அந்த நாலு நிமிடத்தில்தான் உங்கள் மூன்றாவது இடம் போனது என்றேன்.

லாரி இறங்குகிற சத்தம் கேட்டது. அடுத்த லாரி ஏறுகிற சத்தமும் கேட்டது. வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். "தெரியும்டா" என்றார். "நீ குனிஞ்சு பாத்துட்டு எந்திரிச்சப்பவே உன்ற மூஞ்சி மாறிப்போச்சு. என்னன்னு தெரியல, ஆனா என்னமோ இருக்குதுன்னு தெரிஞ்சுது. சொல்லிருவே, சொல்லிருவேன்னு ஹெல்மெட்டுக்குள்ள இருந்து பாத்துட்டே இருந்தேன்."

ஆக, இந்தத் தொழிலில் டயரைத் தப்பாக மாட்டியவன் இன்னும் டயர் மாட்டிக்கொண்டிருக்கிறான், காரைச் சரியாக ஓட்டியவர் காங்கேயத்தில் தேங்காய் லாரிக்கு எடை போட்டுக்கொண்டிருக்கிறார்.